கார்மடி சொன்ன ஒரு வரி

பேசும் படம் வந்த புதிதில் ஸ்டூடியோவில் ஒலிக்காரன் வைத்ததுதான் சட்டம். அதுவரை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த டைரக்டர்கள்கூட நான் உட்கார்ந்து ஒலி பதியும் கண்ணாடிக் கூண்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினால் காட்சி முடிந்தது. ஆட்டாவிட்டால் மறுபடியும் எடுக்க வேண்டியதுதான். முந்தின வருடம்வரை டெலிபோன் கம்பெனியில் கம்பத்தில் ஏறிக் கம்பி முடுக்கிக்கொண்டிருந்தவன் நான். இப்படி ஒரு அதிகாரம் கைக்கு வந்ததும் தலைகால் புரியவில்லை. பட்டுப் பாவாடை சரசரக்கிறது என்று பெரிய பெரிய நடிகைகளையே வேறு உடுத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் திமிர் இருந்த காலத்தில்தான் ஹாலோ க்ரீக் சிறைக்குப் போனோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம், அக்டோபர் மாதம். எங்கள் ஸ்டூடியோ இருந்த லாங் ஐலண்டிலிருந்து ரயிலில் ஏழு மணி நேரம். எங்கள் டைரக்டர் க்ரீலிக்கு ஒரு சிரிப்புப் படம் எடுக்க வேண்டும். விடுதலைச் சீட்டுக் கிடைத்த கைதி ஒருவன், கிறிஸ்துமஸ் கச்சேரியில் தனக்குக் கிடைத்த பாட்டை விட மனமில்லாமல், வெளியே போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற கதை. ஜனங்களுக்கு வேலை போய், ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். மூன்று வேளை சூப்புக் கிடைக்கும் சிறையை விட்டு எவனாவது போவானா என்ற கிண்டல் எல்லோருக்கும் புரியும் என்று க்ரீலி கணக்குப் போட்டார்.

நிஜச் சிறை, நிஜக் கைதிகள் வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தார். அங்கேதான் வினை.

ஹாலோ க்ரீக்கில் பேச்சு கூடாது. சாப்பாட்டுக் கூடத்திலும் வேலைக் கொட்டகையிலும் வாயைத் திறந்தால் இருட்டறை. ரொட்டி வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், சூப்பு வேண்டுமென்றால் கரண்டியை, காப்பி வேண்டுமென்றால் குவளையை. நானூறு பேர் சாப்பிடும் கூடத்தில் கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. காவல் தலைவர் யோஸ்ட் ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எல்லா வாய்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் விதி கிடையாது, பேசலாம், சிரிக்கலாம் என்று சிறை அதிகாரி வந்து அறிவித்தார்.

"சிரிங்கப்பா! நம்ம ஹீரோ மேசை மேல ஏறிப் பாடறான், நல்லா விழுந்து விழுந்து சிரிங்க!" என்று க்ரீலி கத்தினார்.

நானூறு பேரும் யோஸ்டைப் பார்த்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

கடைசியில் யோஸ்டே எழுந்து, "சிரிங்கடா," என்றார். உடனே சிரித்தார்கள். கையைக் காட்டியதும் நிறுத்தினார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவன் நான் ஒருவன்தான். அந்தச் சத்தம் சிரிப்பாகவே இல்லை, நான் தலையை ஆட்டவில்லை. பிறகு ஸ்டூடியோவில் ஆள் வைத்துச் சிரிக்க வைத்துச் சேர்த்துக்கொண்டோம்.

அதே கூடத்தில் ஒரு கைதிக்கு ஒரு வரி வசனம் இருந்தது. ஹீரோ எழுந்து நின்று, நான் வெளியே போகமாட்டேன் என்று சொல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் கிழட்டுக் கைதி நிமிர்ந்து பார்த்து, "நீ போய்யா, உன் சூப்பை நான் பாத்துக்கறேன்," என்று சொல்ல வேண்டும். தியேட்டரே குலுங்கும் என்று க்ரீலி சத்தியம் செய்தார். முகத்துக்காக அவர் பொறுக்கியெடுத்த ஆள் மைல்ஸ் கார்மடி. நாற்பத்தைந்து வயதுதான். பார்த்தால் அறுபது சொல்லலாம். ரயில்வே சரக்குக் கிடங்கில் திருடப் போன இடத்தில் காவலாளியை அடித்து, அந்த ஆள் செத்துப்போனதில் வந்தவர். பன்னிரண்டு வருடம் கழிந்திருந்தது, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி.

காப்பிக் கூஜாவுக்குள் மைக்கை ஒளித்து வைத்தேன். கார்மடிக்கும் கூஜாவுக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருக்கும்.

முதல் தடவை எடுத்தோம். வசனம் என் காதில் மணி மணியாக வந்தது. நான் தலையை ஆட்டினேன். க்ரீலி தொப்பியைத் தரையில் அடித்தார்.

"என்னய்யா தலைய ஆட்டுற? அவன் பேசவே இல்லையே!"

"பேசினார். எனக்குக் கேட்டுது."

"ஆர்வில், நான் அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன். உதடு ஒரு மயிரிழை அசையல. உனக்கு எவன் பேசினான்? பேயா?"

இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, ஐந்தாவது தடவை. என் காதில் ஒவ்வொரு முறையும் குரல் வந்தது. காமிராவுக்கு முன்னால் ஒரு கல் முகம் உட்கார்ந்திருந்தது. யோஸ்ட் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"இங்க எல்லாப் பயலும் அப்படித்தான் பேசுவான் சார். பல்லுக்குப் பின்னாடியே பேசுவான், உதட்டுக்கு வராது. எனக்கே கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆச்சு."

வாயை அசைத்துப் பேசு என்று கார்மடிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் அசைத்தார். அப்போது குரல் வரவில்லை. குரல் வந்தால் உதடு நின்றுபோனது. இரண்டையும் சேர்த்துச் செய்ய அந்த மனிதரால் முடியவில்லை. சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன்.

ஆனால் வேறொன்றும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் க்ரீலி கத்தி முடித்ததும் கார்மடி தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பார். பக்கத்தில் இருந்த கைதிக்குக்கூடக் கேட்டிருக்காது. கூஜாவுக்குள் இருந்த மைக்குக்குக் கேட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் என் ஒலி வண்டி நின்ற முற்றத்துக்கு அவரைக் கூட்டிவரச் சொன்னேன்.

"டீலியான்னா யாரு?" என்று கேட்டேன்.

அவர் பயந்துபோனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கையில் இருந்த தொப்பிதான் கசங்கியது.

"உங்களுக்கு எப்படி சார்..."

"எனக்கு எல்லாம் கேக்கும். பயப்படாதீங்க, யோஸ்ட்கிட்ட சொல்ல மாட்டேன்."

"என் பொண்ணு சார். நான் உள்ள வந்தப்ப நாலு வயசு. இப்ப பதினாறு. ஸ்க்ராண்டன்ல என் அக்கா வீட்டுல வளருது. பட்டு மில்லுல வேலை. அதோட அம்மா செத்துப்போச்சு." எதிரே நின்றால் மட்டுமே பேசுகிறார் என்று தெரியும் குரல். பின்னால் நின்றிருந்த காவலருக்கு நான் ஒருவன் மட்டும் தனியே பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். "போன மாசம் எழுதியிருந்துச்சு. 'அப்பா, உங்க முகம் போட்டோல இருக்கு. குரல்தான் எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது'ன்னு. நான் பதில் போட்டுட்டேன் சார். படம் வரும், அதுல சூப்பைப் பாத்துக்கறேன்னு ஒருத்தன் சொல்வான், அவன்தான் உங்கப்பன்னு. மாசத்துக்கு ஒரு கடுதாசிதான். அதுல இதை எழுதிட்டேன். இப்ப என்னால சொல்ல முடியலைன்னா..."

மத்தியானம் க்ரீலிக்குப் பொறுமை போய்விட்டது. வேறு ஆளைப் போடப்போவதாகச் சொன்னார். கார்மடி மேசையில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்கவில்லை என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, மூளை வேலை செய்ததும் அதை எல்லோருக்கும் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற அரிப்பு.

"ஏன் சார் ஆளை மாத்தணும்?" என்றேன். "அவர் சும்மா வாயை அசைக்கட்டும். அது நல்லா வருது. காமிராவுக்கு வெளிய ஃபேன்ஷா நின்னு அதே நேரத்துல மைக்ல வசனத்தைச் சொல்லட்டும். முகம் அவருது, குரல் இவருது. யாருக்குத் தெரியப்போவுது?"

லோவெல் ஃபேன்ஷா எங்கள் படத்தில் சிறை அதிகாரியாக நடித்த மேடை நடிகர். தேனில் ஊறிய குரல். பல் விளக்கப் போகிறேன் என்று அவர் சொன்னாலும் கேட்பவருக்குக் கண் கலங்கும். க்ரீலி என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

கார்மடி என் பக்கம் திரும்பினார். "அப்போ என் குரல், சார்?"

"முகம் வருதே கார்மடி! ஆளையே மாத்தறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?"

"மேல்தான் சார்," என்றார்.

ஒரே தடவையில் முடிந்தது. ஃபேன்ஷா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வரியைச் சொன்னார். சிரிப்புக்காக எழுதிய வரி, அவர் வாயில் வந்ததும் ஒரு தகப்பன் பிள்ளையை வழியனுப்புகிற மாதிரி கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். கார்மடி வாயை அசைத்து முடித்து, மூடிக்கொண்டார்.

அப்போதெல்லாம் ஒலியை மெழுகுத் தட்டில்தான் பதிவோம்; கும்பல் சிரிப்பை எப்படியும் சேர்த்துவிடலாம், ஆனால் ஒரு தடவை பதிந்த குரலை இன்னொரு தடவையின் உதட்டசைவோடு ஒட்ட முடியாது. தேறாத தட்டுகளைச் சுரண்டி மறுபடியும் பயன்படுத்துவோம். ஏழாவது தடவை எடுத்த தட்டை மட்டும் நான் சுரண்ட விடவில்லை. தட்டு அச்சடிக்கும் ஆலையில் ஒரு சிநேகிதன் இருந்தான். அவனைக் கெஞ்சி ஒரு பிரதி போட்டு வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

படம் வசந்தத்தில் வந்தது. அந்த வரிக்குத் தியேட்டர் குலுங்கியது, க்ரீலி சொன்னது சொன்னபடி. ஆகஸ்டில் ஹாலோ க்ரீக்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பென்சிலில், சிறை முத்திரையோடு, கோடு போட்ட தாளில். ஒரு மாதக் கடிதத்தை மகளுக்கு எழுதாமல் எனக்கு எழுதியிருந்தார் கார்மடி.

'ஐயா, டீலியா படம் பார்த்துவிட்டாள். ஏழு தடவை பார்த்தாளாம். குரலைக் கேட்டதுமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது அப்பா, தூங்க வைக்கும்போது இப்படித்தான் பேசுவீர்கள் என்று எழுதியிருக்கிறாள். உடனே பார்க்க வருகிறேன் என்கிறாள். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரலில் வெளியே வந்து நானே அவளிடம் உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை அந்தக் குரலை அவள் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.'

கடைசி வரிதான் என்னைக் கொன்றது. வருத்தம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு தாளைக் கிழித்துப் போட்டேன், எழுதவில்லை.

முப்பத்திரண்டாம் வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என்னைப் பார்க்க ஒரு பெண் வந்திருப்பதாக வாசல்காரர் சொன்னார். அதற்குள் தட்டு முறையே ஒழிந்துவிட்டது. ஒலி பிலிமிலேயே பதியத் தொடங்கியிருந்தது. என் கண்ணாடிக் கூண்டையும் பெயர்த்துவிட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. பழைய தட்டுகளோடு ஒரு கிடங்கு அறையில் என்னை உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

கறுப்பு உடுத்திய பெண். நீண்ட கழுத்து, மில் வேலையில் சிவந்த விரல்கள். கல் மாதிரி அசையாத கார்மடியின் முகத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன், அதே ஜாடை. இவள் முகத்தில் மட்டும் எல்லாம் அசைந்தது.

"நீங்கதான் ஆர்வில் டாஸ்கர் சாரா? நான் டீலியா கார்மடி. அப்பாவோட சாமான்ல உங்க விலாசம் இருந்துச்சு."

"சாமான்ல" என்ற வார்த்தையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மார்ச்ல சார். நிமோனியா. வெளிய வர்றதுக்கு ஆறு வாரம் இருந்துச்சு." அவள் கைப்பையைத் திறந்து மூடினாள். "நான் ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கல. வர்றேன் வர்றேன்னு எழுதினேன், வேண்டவே வேண்டாம்னுட்டாரு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. என் மேல ஏதாவது கோபமா இருந்திருக்குமோ? உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"கோபமெல்லாம் கிடையாதும்மா," என்றேன். "படம் எடுத்த அன்னிக்கு முழுக்க உன் பேச்சுத்தான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. படம் இப்போது எங்கேயும் ஓடவில்லை. அந்த ஒரு வரியை மறுபடியும் ஒரு தடவை கேட்க வேண்டும். முடிந்தால் வீட்டுக் கிராமபோனில் போடுகிற மாதிரி ஒரு தட்டு. "மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு சார். ஒரு தடவை மறந்துட்டேன்ல."

நான் அலமாரியைத் திறந்தேன். இரண்டு தட்டுகளும் அங்கேதான் இருந்தன. ஒன்று படத்தின் ஐந்தாவது ரீலோடு ஓடின தட்டு, அதில் ஃபேன்ஷா. இன்னொன்று உறையில் எதுவும் எழுதாத தட்டு, அதில் அவளுடைய அப்பா. ஏப்ரலில் தானே உண்மையைச் சொல்வதாக இருந்தவர் போய்விட்டார். இனிமேல் சொல்ல உலகத்தில் நான் ஒருத்தன்தான் பாக்கி. அவள் அப்பாவைத் தேடி வந்திருக்கிறாள், அப்பா இங்கே இருக்கிறார், கொடுக்காமல் வைத்துக்கொள்ள நான் யார்? எழுதாத தட்டை எடுத்துச் சுழல விட்டேன். ஊசியை வைத்தேன்.

கரண்டிச் சத்தம் வந்தது. பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. ஹீரோ, "நான் போகமாட்டேன்!" என்று கத்தினார். அப்புறம் அந்தக் குரல். மெல்லியது, வறண்டது, பல்லுக்குப் பின்னாலிருந்து மூக்கு வழியாக வருவது.

"நீ போய்யா, உன் சூப்பை நான் பாத்துக்கறேன்."

டீலியா நிமிர்ந்து பார்த்தாள். மரியாதைக்காகச் சின்னதாகச் சிரித்தாள்.

"இது வேற யாரோ சார்."

தட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தட்டு மனப்பாடம். இன்னும் நாலு விநாடியில் க்ரீலி கார்மடியின் பேரைச் சொல்லித் திட்டுவார். அதற்கடுத்து அந்த முணுமுணுப்பு வரும், அவள் பேரோடு. கேட்டாளானால் எல்லாம் தெரிந்துவிடும். இதுதான் அப்பா என்று தெரியும். ஏழு தடவை பார்த்தது, தூங்க வைத்த ஞாபகம், எல்லாம் யாரோ ஒரு நடிகருடையது என்றும் தெரியும். ஏன் வர வேண்டாம் என்றார் என்பதும் தெரியும்.

"எங்கப்பா குரல் எனக்குத் தெரியும் சார்," என்றாள் அவள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

நான் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"மன்னிச்சுக்கோம்மா. தட்டு மாறிப்போச்சு."

அடுத்த தட்டைப் போட்டேன். ஃபேன்ஷாவின் குரல் அறையை நிறைத்தது. டீலியா கண்ணை மூடிக்கொண்டாள். குரலோடு சேர்ந்து அவள் உதடுகளும் அசைந்தன. ஒரு எழுத்துப் பிசகவில்லை. மூன்று தடவை போடச் சொன்னாள், போட்டேன். அந்த ஒரு வரியைச் சின்னத் தட்டில் இறக்கி, அட்டையில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தேன். வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா எனக்கு அப்பாவே கிடைச்சிருக்க மாட்டார் சார்," என்றாள். நான் அவளை டிராம் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன்.

ஊசியை இரக்கத்தினால் தூக்கினேனா, பயத்தினால் தூக்கினேனா என்று இன்றைக்குவரை எனக்கு முடிவு தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் என் முகத்தில் அவள் விழிக்கமாட்டாள் என்ற பயமும் இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கிடங்கு அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். எழுதாத தட்டை மறுபடியும் எடுத்து, விட்ட இடத்தில் ஊசியை வைத்தேன். க்ரீலி, "வாய் அசையலைய்யா கார்மடி!" என்று கத்தினார். தொப்பி தரையில் விழுந்தது. பிறகு, ஒரு சாண் தூரத்தில், அவர் சொன்னார்:

"இன்னொரு தடவை டீலியா. இந்தத் தடவை அப்பா சரியாச் சொல்லிடறேன்."